செய்யது பாயின் மாற்றுச் சாவி

"டீச்சரே, வாப்பா மௌத்தாயிட்டாங்க." நேற்றுக் காலை போனில் வந்த குரல் குடைக்கடை செய்யது பாயின் மகனுடையது.

தம்பானூர் கடைத்தெருவில் என் டைப்ரைட்டிங் வகுப்புக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். கடையநல்லூர்க்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் கொதித்தபோது எங்கள் வரிசைக் கடைக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "அவங்கவங்க மாத்துச் சாவிய வேற மதத்துக்காரன் கையில கொடுப்போம். கடைக்கு ஒண்ணுன்னா அவன்தான் முதல்ல ஓடி வரணும்."

சாவிகள் கைமாறின. என்னுடையது அவரிடம் போனது, அவருடையது என்னிடம் வந்தது. பல வருஷம் எங்கள் வரிசையில் ஒரு கல் விழவில்லை.

பிறகு ஒரு ஹர்த்தால், ஊரெல்லாம் கடையடைப்பு. நான் வலியசாலையில் வீட்டில் இருந்தேன். பாயின் குடைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்துகிறார்கள் என்று மத்தியானம் சேதி வந்தது. ஓடினேன். ஷட்டர் நெளியவில்லை, பூட்டில் கீறல்கூட இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் எங்கள் அலமாரி ஆணியில் பாயின் சாவியைக் காணோம்.

சாயங்காலம் என் தம்பி வந்து அதை மேசைமேல் வைத்தான்.

"கேட்டாங்க, குடுத்தேன். நம்ம ஆளுங்கதானே அக்கா."

பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் பாய் கொடுத்த குடையில் நனையாமல் போனவன். கூடப் பிறந்தவனே குழி பறித்தால் யாரிடம் போய் அழுவது?

மறுநாள் போலீஸ் விசாரித்தது. பாய் முந்திக்கொண்டு மலையாளம் கலந்து சொன்னார். "பூட்ட மறந்துட்டேன் ஸாரே. எண்ட தப்பு." நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

"ஏன் பாய் பொய் சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"உண்மைய சொன்னா நாளைக்கு எவன் எவன்கிட்ட சாவி கொடுப்பான், டீச்சரே?"

அந்தப் பொய்யை யாரும் நம்பவில்லை. ஒரே வாரத்தில் வரிசையில் ஒவ்வொருவரும் ஏதோ சாக்குச் சொல்லி, கொடுத்தவரிடமிருந்து தங்கள் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பத்து வருஷம் ஒன்றாய் டீ குடித்தவர்கள். நான் அவர் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார்.

நேற்று அவர் வீட்டு வாசலில் என் தம்பி முன்வரிசையில் நின்று, "எங்க பாய் மாதிரி வருமா," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பாயின் மகன் என்னைத் தனியே அழைத்து ஒரு சாவியைக் கொடுத்தார். என் வகுப்புச் சாவி. துருவே இல்லை. "மாசாமாசம் எண்ணெய் போடுவாங்க," என்றார்.

போய் வாருங்கள், பாய். உங்கள் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த ஹர்த்தாலுக்குப் பிறகு அதை நான் வீட்டில் வைப்பதில்லை. என் இடுப்பில்தான் இருக்கிறது.