பாவாவை மட்டும் விட்டுவிடுவான்

முதல் மாதத்திலேயே இரண்டு பல், ஒரு புருவம், ஒரு சுண்டுவிரல் காலி. சுண்டுவிரல் மட்டும் பிறகு சரியானது, கொஞ்சம் கோணலாக. பல் போனவன் அதை ஏரி மண்ணில் தேடிக்கொண்டே இருந்தான். கிடைத்தால் டாக்டர் ஒட்டவைத்துவிடுவார் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். "பல்லத் தேடுறத வுட்டுட்டு பந்தத் தேடுடா!" என்று கத்தினேன். வாயெல்லாம் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டே ஓடினான். இந்த டீம் தேறும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

நான் திருத்தணியில் பி.டி. மாஸ்டர். முட்டி போகும்வரை சென்னையில் ரக்பி ஆடியவன். நீளவாக்கில் முட்டை மாதிரி இருக்கும் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி எதிராளியின் எல்லைக்குள் தரையில் வைக்க வேண்டும். வழியில் யார் வேண்டுமானாலும் உங்கள் மேல் பாய்ந்து கீழே சாய்க்கலாம். அப்படிச் சாய்ப்பதற்குப் பெயர் டேக்கிள். கபடி ஆடி வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஒரு நாள் போதும். பந்தைப் பின்பக்கமாக மட்டும்தான் எறியலாம் என்று சொல்லித்தருவதற்குள்தான் என் தொண்டை கிழிந்தது.

கனகம்மாசத்திரம் போகிற வழியில் வறண்டு கிடந்த ஏரிதான் எங்கள் மைதானம். முள்ளைப் பொறுக்கிவிட்டு, சவுக்குக் கழி நட்டு, கோலமாவில் கோடு போட்டோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே முட்டிக்கொண்டோம். டீமில் பாதிப்பேர் பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர்கள். தறிச் சத்தத்திலேயே கிடப்பதால் பக்கத்தில் நிற்பவனிடம்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். ரக்பிக்கு அது வரம். மீதிப்பேர் சுற்றுவட்டாரத்து விவசாயிகள். நூல்காரன்களுக்கு வேகம், கரும்புக்காரன்களுக்குக் கனம். இரண்டையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. பொய் சொல்வானேன்.

கேப்டன் பொதட்டூர்பேட்டைக்காரன். வீட்டிலேயே சொந்தத் தறி. அவ்வளவு வேகமாக ஓடுகிற ஆளை நான் சென்னையிலும் அதிகம் பார்த்ததில்லை. வாயும் அதே வேகம். அடிபட்டவனை முதலில் தூக்கிவிடுகிறவனும் அவன்தான், எல்லோருக்கும் டீ வாங்கித் தருகிறவனும் அவன்தான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

அவனுடைய மச்சானும் டீமில் இருந்தான், மனைவியின் தம்பி. கரும்புக் கட்டைத் தூக்கி லாரியில் ஏற்றிப் பழகிய தோள். பேச்சு கிடையாது. எவன் ஓடிவந்தாலும் இடுப்புக்குக் கீழே தோளைக் கொடுத்து, இரண்டு தொடையையும் கட்டிப்பிடித்து, மண்ணில் அறைவான். பார்ப்பவர்களுக்கே முதுகு வலிக்கும். ஆனால் பாவா, அதாவது அக்கா புருஷன், பந்தோடு வந்தால் மட்டும் ஓரமாக விலகி வழிவிட்டுவிடுவான். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும்.

"டேய், இன்னாடா இது, சாமி ஊர்வலமா போவுது? வழி விடுற!" என்று கத்தினேன்.

"பாவா மாஸ்டர்" என்றான். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பது போல நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "கல்யாணத்துல அந்தக் கால நான்தான் சொம்புல தண்ணி ஊத்திக் கழுவுனேன். அதப் போயி எப்படி மாஸ்டர் வாரி வுடறது?"

பெண் கொடுத்த வீடு குனிந்துதான் நிற்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து நியாயம். எனக்குத் தெரியாததா? ஆனாலும் மைதானத்துக்குள் என்ன பாவா, என்ன மாமா என்று அரைமணி நேரம் திட்டித் தீர்த்தேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். அடுத்த முறையும் வழிவிட்டான்.

முதல் மேட்ச்சுக்கு முந்தின வாரம் ஜெர்சிக் கட்டைக் கொடுக்கக் கேப்டன் வீட்டுக்குப் போனேன். அவன் நூல் வாங்கப் போயிருந்தான். தறியை நிறுத்திவிட்டு அவன் மனைவி வந்தாள். இடது கண் மூடிக் கிடந்தது. கன்னம் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

நான் கேட்காமலேயே, "தறி நாடா தெறிச்சிடுச்சு மாஸ்டர்" என்றாள்.

தறியில் நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடும் அந்த நாடா எப்போதாவது தெறித்து ஆளை அடிக்கும்தான். ஆனால் அதன் முனை கூர். பட்டால் சதை கிழியும். என் தொழிலே அடிபட்ட முகங்களைப் பார்ப்பதுதான். முழங்கை பட்டால் எப்படி, தலை முட்டினால் எப்படி, பூட்ஸ் பட்டால் எப்படி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது மடக்கிய கை, குத்து. வலது கை, நேருக்கு நேர். ஜெர்சிக் கட்டைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பைக் ஓட்டினேன்.

அன்று சாயங்காலமே மச்சான்காரனின் வயலுக்குப் போய், "உனக்குத் தெரியுமாடா?" என்றேன்.

"ஆங்" என்றான். தோகை உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சிகினே அவனுக்கு வழி வுட்டுகினு நிக்கிறியா? உன் தோள்ல இன்னாடா கீது, பஞ்சா?"

அப்போதுதான் திரும்பினான். "ஒருவாட்டி எங்களப் பெத்த நைனா போயிக் கேட்டாரு மாஸ்டர். அவுரு முன்னால பாவா கைகட்டிகினு நின்னாரு. நைனா பஸ் ஏறுன பின்னால அக்காளுக்கு வுழுந்த அடியில காது போச்சு. தறிச் சத்தத்துல போச்சுன்னு ஊர்ல சொல்லிகினு கீறா. நான் கைய வெச்சா அது அவ மேலதான் திரும்பும். வூட்டுக்கு வாடின்னு கூப்பிட்டுப் பாத்தாச்சு. வரமாட்டேங்கிறா."

கேப்டனை டீமை விட்டுத் துரத்த வேண்டும் என்று கை துறுதுறுத்தது. துரத்தினால் அந்தக் கோபமும் எந்த வீட்டுக்குப் போகும் என்று யோசித்தபோது ரத்தம் கொதித்ததே தவிர, ஒரு வழியும் தெரியவில்லை.

சென்னையில் முதல் மேட்ச். எங்களை அடித்துத் துவைத்துவிட்டார்கள். ஒருவனுக்கு மூக்கு உடைந்தது, இன்னொருவன் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டான். திரும்பும்போது ரயிலில் கேப்டன் ஒவ்வொருவனாகக் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தான். மணவூர் தாண்டும்போது, பந்தைத் தவறவிட்ட ஒருவனைப் பளார் என்று அறைந்தான். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அவன் சட்டையைப் பிடித்து ஜன்னல் ஓரமாகத் தள்ளினேன். "தோத்துட்டா கை தானா எழும்புது மாஸ்டர்" என்று சிரித்தான். அன்றைக்கு அவன் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அடுத்த ஞாயிறு ஆடிக் கிருத்திகைக் கூட்டம். ஊருக்குள் பைக் நுழைய முடியவில்லை. மொட்டைத் தலைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு ஏரிக்கு வந்து சேர்ந்தோம். மலைமேல் இருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. டேக்கிள் பயிற்சி. ஒருவன் ஓடிவர வேண்டும், ஒருவன் சாய்க்க வேண்டும். வரிசை நகர்ந்து நகர்ந்து, கேப்டனுக்கு எதிரே மச்சான் வந்து நின்றான். வழக்கம்போல ஓரம் போனான்.

கேப்டன் பந்தைத் தூக்கி அவன் மூஞ்சியிலேயே எறிந்தான். மூக்கில் ரத்தம் வந்தது. "இந்த மாரி பொட்டைங்களாலதான்டா தோத்தோம்! உங்க வூட்டுல எல்லாமே இப்படித்தானா? வாடா மச்சான், ஆம்பளையா இருந்தா என்னத் தள்றா. இத்தினி பேரு சாட்சி, நானே சொல்றேன், தள்றா!"

தறிக்காரன் குரல். ஏரி பூராவும் கேட்டது.

மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். பாவாவின் வாயாலேயே வந்துவிட்டது, இனி இது சண்டையில்லை, கைகலப்பில்லை, நாளைக்கு யாரும் பேச முடியாது. அவன் கண்ணில் அதுதான் இருந்தது. வேறு ஆளை எதிரே நிறுத்த எனக்கு நேரம் இருந்தது. நிறுத்தவில்லை. விசில் ஊதினேன்.

கேப்டன் முழு வேகத்தில் வந்தான். மச்சான் குனிந்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே தலையை ஒதுக்கி, தோளை இடுப்புக்குள் செலுத்தி, இரண்டு தொடையையும் சேர்த்து அணைத்து வாரினான். கரும்புக் கட்டு மாதிரி சாய்ந்தது அந்த உடம்பு. வாரினவன் பிடியை விடாமல், அவனோடு சேர்ந்து தானும் விழுந்தான். காய்ந்த களிமண்ணில் கேப்டனின் வலது தோள் முதலில் மோதியது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு குறையும் சொல்ல முடியாத டேக்கிள். எந்த ரெஃப்ரியும் விசில் ஊதமாட்டார்.

கேப்டன் கத்தின கத்தலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடின. மச்சான் எழுந்து நின்று, குமட்டிக் குமட்டி வாந்தியெடுத்தான்.

கூட்டத்துக்குள் ஆட்டோவை நுழைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பசங்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். "சொந்த பாவாவ எவனாச்சும் இப்படிப் போடுவானா? அவன டீம்லருந்து தூக்குங்க மாஸ்டர்." எனக்கு ஒரே பயம்தான். அந்தப் பெண் வந்து தம்பியைப் பார்த்து என்ன சொல்வாளோ, இதற்கும் சேர்த்து அவள் என்ன வாங்குவாளோ.

பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கினாள். உள்ளே போய்ப் புருஷனைப் பார்த்தாள். கையை மடக்கிக் கழுத்தோடு தொட்டில் கட்டியிருந்தார்கள். ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே வந்தாள். தம்பி வராந்தா மூலையில் தலை தூக்காமல் நின்றான். அவனிடம் போகாமல் நேராக என்னிடம் வந்தாள். கேட்காத காதைத் தவிர்த்து மற்றக் காதை என் பக்கம் திருப்பினாள்.

"கட்டு எத்தினி நாளுக்கு மாஸ்டர்?"

"ஆறு வாரம்மா. மேலயும் ஆவலாம். நானே பாத்துக்கறேன், நீ ஒண்ணும்..."

"கையத் தூக்கவே கூடாதா?"

"தூக்கவே முடியாதும்மா."

வீக்கம் வடிந்த கண்ணின் ஓரம் இன்னும் மஞ்சளாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள்.

"கட்டு பிரிச்சதும் ஆட வரமாட்டேன்னுதான் சொல்லுவாரு. நான் அனுப்பி வுடறேன் மாஸ்டர்" என்றாள். பிறகு மூலையில் நின்றவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க தம்பிய மட்டும் டீம்லருந்து எடுத்துடாதீங்க."