நின்ற வண்டியின் விளக்கு

சவுதியில் ஹுஃபூஃபிலிருந்து எல்லைக்குப் போகும் ரோட்டில் பாதி வண்டிகள் ட்ரெய்லர்தான். சிமெண்ட், கம்பி, ஆட்டுத் தீவனம், உறைந்த கோழி, எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். அந்த ரோட்டில் நான் வேன் ஓட்டியிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். திருப்பூர், பம்பாய், குவைத் என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, தம்மாமில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஹுஃபூஃப் பக்கம் இருந்த கேம்பிலிருந்து ஆட்களைப் பைப்லைன் சைட்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதும் வேலை.

ட்ரெய்லரைத் தாண்டுவதைப் பயந்து பயந்துதான் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் போகும்போது காற்று நம்மை அதன் பக்கமே இழுக்கும். கேபினைத் தாண்டியதும் ஒரு தள்ளு தள்ளும். அந்த இடத்தில் ஸ்டியரிங்கை வெட்டினால் வேன் கவிழ்ந்துவிடும். ட்ரெய்லர்காரனின் கண்ணாடியில் அவன் முகம் நமக்குத் தெரியவில்லையென்றால், நாம் இருப்பதும் அவனுக்குத் தெரியாது. வெயில் காலத்தில் அந்த டயர்கள் வெடித்து ரப்பர் பட்டை பட்டையாக ரோடு முழுக்கக் கிடக்கும். அதனால் பக்கத்திலேயே கூடவே ஓடக் கூடாது. தாண்டு, இல்லையென்றால் நன்றாகப் பின்தங்கு.

தூசிக்காற்று வந்துவிட்டால் இதெல்லாம் உதவாது. ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிட வேண்டும். நிற்கும் வண்டிதான் டபுள் இண்டிகேட்டர் போட வேண்டும். லைசென்ஸ் எடுக்கும்போது எங்களுக்கு இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் தூசியோ பனியோ, டபுள் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். முன்னால் ஒருவன் மின்னிக்கொண்டு போனால் பின்னால் வருபவன் அவனோடு ஒட்டிக்கொள்வான். நானும் அப்படித்தான் ஓட்டினேன். நின்றால் சைட்டில் டூட்டி தாமதமாகும். எங்கள் போர்மேன் திருநெல்வேலிக்காரர். தூசியில் வானம் சிவக்கும்போதே போன் வந்துவிடும். "அங்கன இங்கன நிக்கப்படாது பாத்துக்க. நாலு லைட்டையும் போட்டுட்டு மெல்ல உருட்டிட்டு வா."

ஒரு நாள் காலை என் வேன் கராஜில் இருந்ததால் என் ரூம் நண்பன் ஓட்டிய வேனில் ஏறிக்கொண்டேன். அவன் பரமக்குடிப் பக்கம். ஒருவரையொருவர் பங்காளி என்றுதான் கூப்பிடுவோம். முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஒரு நேபாளி, கம்பி கட்டுகிறவர். நான் அவர்களுக்கு நேர் பின்னால். மற்றவர்கள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னொருவன் ஓட்டும்போது எந்த டிரைவருக்கும் தூக்கம் வராது.

பாதி வழியில் காற்று எழுந்தது. கொஞ்ச நேரத்தில் ரோட்டின் வெள்ளைக் கோடே தெரியவில்லை. போர்மேன் போன் செய்தார். நண்பன் "சரிண்ணே, சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

"நின்னுரு பங்காளி," என்றேன்.

"நின்னா பின்னாடி வர்ற ட்ரெய்லரு நம்ம மேல ஏறிருவான். அந்தா பாரு, முன்னால ஒருத்தன் மின்னிட்டுப் போறான். அவன் வாலப் புடிச்சே போயிருவோம்."

"அவன் எங்க போறான்னு ஒனக்குத் தெரியுமா?"

"எங்கயோ போறான். ரோட்டுலதான போறான்? ஒனக்கு ஓட்டணும்னா சொல்லு, எறங்கி வழி விடுறேன்."

பின்னால் யாரோ துண்டுக்குள்ளிருந்தே சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு மஞ்சள் விளக்குகளும் சீராக மின்னின. அவற்றுக்கு நேராக வேனை வைத்துக்கொண்டு போனான். விளக்குகள் வேகமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தன. கீழே சரளை கடகடவென்று கேட்டது. ரோட்டோரத்துக்கு வந்துவிட்டோம் என்று எனக்குப் புரிவதற்குள் மோதிவிட்டோம்.

அது ஓடிக்கொண்டிருந்த ட்ரெய்லர் இல்லை. தூசி வந்ததும் ரோட்டை விட்டு இறங்கி, இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தையும் வைத்துவிட்டு நின்றிருந்த ட்ரெய்லர். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அதை ஓட்டிய பாகிஸ்தான் பட்டான் செய்திருந்தார். நேபாளியின் உயிர் அங்கேயே போய்விட்டது. நண்பனுக்கு இடுப்பெலும்பும் காலும் முறிந்தன. எனக்குத் தோள்பட்டை இறங்கியது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள்.

விளக்கு எரிந்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் நின்றது. எரியவில்லையென்றால் பட்டான் உள்ளே போவார். எரிந்ததென்றால் என் நண்பன். மோதியதில் ட்ரெய்லரின் பின் விளக்குகள் நொறுங்கிவிட்டன. நண்பனைத் தவிர, விழித்திருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன அன்று, கூட்டிப்போன போர்மேன் வழியில் காரை ஓரமாக நிறுத்தினார்.

"ஏல, லைட்டு எரியலன்னு சொல்லு. ஒத்த வார்த்த. கலாஸ், முடிஞ்சிரும்."

"எரிஞ்சுதுண்ணே."

"பட்டான் ஒனக்கு மாமனா மச்சானால? ஒங்கூட ஒரே தட்டுல சாப்பிடுதவன் அங்க கெடக்கான். அவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ள."

"நிக்காம வான்னு நீங்கதான் போன் பண்ணுனீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் அங்க பேசப்படாது," என்றார்.

உள்ளே பெஞ்சில் அந்தப் பட்டான் உட்கார்ந்திருந்தார். தாடியில் இன்னும் மண் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "பாய், லைட் ஜல் ரஹா தா நா?" என்று கேட்டார். எரிந்துகொண்டுதானே இருந்தது என்கிறார். கெஞ்சவில்லை. தன் கண்மீதே சந்தேகம் வந்துவிட்டவர் மாதிரி கேட்டார்.

எரிந்தது என்று அதிகாரியிடம் சொன்னேன். முக்கோணம் இருந்ததையும் சொன்னேன். தூசியில் நிற்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு என்பதையும், காலையில் வந்த போனையும் சொன்னேன். மொழிபெயர்த்தவர் அதையும் ஒழுங்காகவே சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டியை ஓட்டியது போர்மேனா?" என்றார். இல்லை என்றேன். அவர் கேட்டதில் தப்பில்லை.

பட்டானை விட்டுவிட்டார்கள். வாசலில் என் நல்ல கையைப் பிடித்து எனக்காக ஏதோ வேண்டிக்கொண்டார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நண்பனின் கட்டிலுக்குப் பக்கத்தில் காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னாலேயே போர்மேன் வந்து போயிருந்தார்.

"எரிஞ்சுச்சுன்னு சொன்னியாமே?"

"எரிஞ்சுச்சுல்ல பங்காளி?"

"எரிஞ்சுச்சு. அதப் பாத்துத்தானடா போனேன்."

வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ரூமில் யாரும் என்னோடு சண்டை போடவில்லை. எனக்குச் சோறு எடுத்து வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். போர்மேன் அதே சைட்டில்தான் இருந்தார். தூசி நாட்களில் அவருடைய போன் மற்ற டிரைவர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அவர்களும் மின்னிக்கொண்டு ஓட்டினார்கள். ஒருவனிடம் நின்றுவிடு என்று சொன்னேன். "நீ மொதல்ல ஒன் வேலயப் பாரு" என்றான்.

நண்பன் ஊன்றுகோலோடுதான் ஜெயிலுக்குப் போனான். பார்க்கும் நாளில் சட்டை, சோப்பு, பல்பொடி எல்லாம் வாங்கிக்கொண்டு போய் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கதவு சாத்தும் நேரத்தில் போய்க் கேட்டதற்கு, அந்தக் கைதி இந்த ஆளைப் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். பையையாவது கொடுங்கள் என்றேன். அதையும் வேண்டாம் என்றானாம்.