பித்தளைத் தூக்கில் இருந்த புளியோகரை

நாற்பத்திரண்டாம் வருஷக் கடைசி, சண்டைக் காலம். கல்யாணமாகிக் குடியாத்தத்திலிருந்து பெங்களூர் நீலசந்திராவுக்குக் குடித்தனம் வந்திருந்தேன். மூன்றாம் மாத மசக்கை என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. சோறு கொதிக்கிற வாசம் வந்தாலே கொல்லைப்பக்கம் ஓடுவேன். பார்க்க வந்த நர்ஸம்மா, இப்படியே பட்டினி கிடந்தால் வயிற்றில் உள்ளது தங்குவது கஷ்டம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் நடுங்கிப்போய், அம்மா வீட்டிலாவது நாலு வாய் சாப்பிடுவேன் என்று என்னைக் குடியாத்தம் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷன்தான் எங்களுக்குப் பக்கம். அங்கே ஏறினால் பட்டாளத்துக்காரர் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது என்று, வண்டி புறப்படுகிற சிட்டி ஸ்டேஷனுக்கே ஜட்கா பிடித்தார். அது குலுக்கிய குலுக்கலில் வழியில் இரண்டு தரம் இறங்கி வாந்தி எடுத்தேன். பிளாட்பாரத்து பெஞ்சில் என்னை உட்கார வைத்தபோது, பக்கத்தில் ஒரு கன்னடத்து அம்மா இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு பித்தளைத் தூக்கு. என் வீட்டுக்காரர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டிக்கெட் வாங்கப் போனார். அவர்கள் பேசியதில் எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

எண்ணெய் கசிகிறதோ என்னவோ, அந்த அம்மா தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தாள். புளியும் வறுத்த எள்ளும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. எங்கே குமட்டப் போகிறதோ என்று முந்தானையை வாயில் வைத்தேன். குமட்டவில்லை. எச்சில் ஊறியது! நாற்பது நாளில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. வெட்கமில்லாமல் அந்தத் தூக்கையே பார்த்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், விரலை மடக்கி எத்தனை மாதம் என்று கேட்டாள். மூன்று விரல் காட்டினேன். மேலே மூடியிருந்த வாழையிலையில் ஒரு துண்டைக் கிழித்து, ஒரு கைப்பிடி எடுத்து வைத்தாள்.

"தின்னம்மா, தின்னு." அவள் கன்னடத்தில் இது மட்டும் எனக்குப் புரிந்தது.

எங்கள் ஊர்ப் புளிச்சோறு புளிப்பும் காரமுமாகச் சுள்ளென்று இருக்கும். இதில் வெல்லம் சேர்த்திருந்தார்கள். கொப்பரைத் துருவல், எள்ளுப்பொடி, அங்கங்கே வேர்க்கடலை. புளிப்பு முன்னால் வந்து, தித்திப்பு பின்னால் மெதுவாக வந்தது. புளியோகரை என்று பிறகுதான் பெயர் தெரிந்துகொண்டேன். உள்ளே போனது உள்ளேயே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இலையை மறுபடி நீட்டினேன். வைத்தாள். இன்னொரு தரமும் நீட்டினேன்.

அப்போது அவள் கை தூக்குக்குள்ளேயே ஒரு நிமிஷம் நின்றது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாள். அதை நான் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பார்த்தேன். பார்த்தும் இலையை மடக்கவில்லை. அவள் தூக்கைச் சாய்த்து அடிவரைக்கும் வழித்து வைத்தாள். அதையும் தின்று, விரலையும் நக்கினேன்.

டிக்கெட்டோடு வந்தவர் காலித் தூக்கைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனார்.

"என்னம்மா பண்ணிட்டே? அது ஜெயில்ல இருக்கிற அவங்க பையனுக்குக் கொண்டுபோற சோறு."

அவரிடம் முன்பே சொல்லியிருந்தாளாம். ஒரே பையன். மறியல் செய்து பிடிபட்டவன். அம்மா கையால் புளியோகரை தின்ன வேண்டும் என்று கடிதாசி போட்டிருந்தானாம். அரிசிக்கு ஆலாய்ப் பறந்த நாளில், சேர்த்துவைத்த அரிசியில் கிளறி எடுத்துக்கொண்டு, தும்கூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலேறி வந்திருக்கிறாள். பார்க்க விடும் நேரம் வரட்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். அவள் என் தலையைத் தடவியபடி இவரிடம் என்னவோ சொன்னாள். இவர் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்.

"அவனுக்குப் புளி ஒத்துக்காதாம். தின்னா நெஞ்சு கரிக்குமாம். நீ தின்னதே நல்லதாப் போச்சுங்கறாங்க."

பச்சைப் பொய். இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும்.

என் தம்பிக்கென்று ரொட்டிக் கடையில் வாங்கிய பிஸ்கோத்துப் பொட்டலம் என் பையில் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாள். வெறுங்கையோடு எப்படிப் பிள்ளையைப் பார்ப்பீர்கள் என்று நான் தமிழிலேயே சண்டை போட்டு, அதைத் தூக்குக்குள் வைத்து மூடினேன். அதற்குமேல் அவள் மறுக்கவில்லை. எங்கள் வண்டி நகரும்வரை ஜன்னலோரமாகவே நின்றாள்.

குடியாத்தம் போகிறவரை நான் வாந்தி எடுக்கவில்லை. மறுநாள் கஞ்சி இறங்கியது, பிறகு சோறு. ஆனி மாதம் மகள் பிறந்தாள். இன்று அவளும் பிள்ளை பெற்றுவிட்டாள்.

அந்தப் பையன் மூடியைத் திறந்து, புளியோகரை எங்கேயம்மா என்று கேட்டிருப்பான். எனக்காக என்னிடமே ஒரு பொய் சொன்னவள், எனக்காக அவனிடமும் சிரித்துக்கொண்டே இன்னொரு பொய் சொல்லியிருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம் இந்த வயதிலும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.