முகத்தில் வெயில் விழும் நேரம்

என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்டிய படத்தை நான்தான் தயார் செய்தேன். கள்ளக்குறிச்சியில் நாங்கள் நடத்திய ஸ்டுடியோவில் அது எப்போதும் என் வேலை. இறந்தவர்களின் பழைய படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பின்னால் இருக்கும் சுவரையோ மரத்தையோ எடுத்துவிட்டு நீல நிறம் கொடுப்பேன். சட்டைக் காலரை வெள்ளையாக்குவேன். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவேன். அவர் படத்துக்கும் அதையேதான் செய்தேன். கழுத்தில் இருந்த மச்சத்தை எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்து, இருக்கட்டும் என்று விட்டேன். பிரிண்ட் வந்ததும் ஓரம் நேராக வெட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், ஒரு கல்யாண ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவர் வண்டியில் லாரி மோதியது. மாசிக் கடைசி. எனக்கு அழுகை வரவில்லை. முதலில் எல்லோரும் பயந்தார்கள். "வாய் விட்டு அழுதுடும்மா" என்று முதுகைத் தட்டினார்கள். பிறகு கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் என் காதில் விழுந்தது. யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல் இருந்தது.

வைகாசியில் ஒரு போன் வந்தது.

"சார் இருக்காருங்களா? மூங்கில்துறைப்பட்டுல இருந்து பேசறேன். பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கு புத்தர் கோயில்ல படம் எடுக்கணும்னு சொல்லியிருந்தேன்."

"அவரு தவறிட்டாருங்க."

அவர் போனை வைப்பதற்குள் நானே பேசினேன். "நான் அவரு சம்சாரம். நான் வந்து எடுத்துத் தரேங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுவரை நான் வெளியே போய்ப் படம் எடுத்ததில்லை. பாஸ்போர்ட் படம் எடுப்பேன், ஆல்பம் செய்வேன். வெளிவேலை எல்லாம் அவர்தான். அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். வேலைக்கு முன்பே இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் பழக்கம் அவருக்கு. அந்தக் கோயிலுக்கும் போயிருக்கிறார். 'காலை எட்டு பத்து, முகத்தில் வெயில்' என்று எழுதியிருந்தார்.

சின்னசேலம் தாண்டி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே இருக்கிறது அந்தக் கோயில். வடக்கே கல்வராயன் மலை புகைபோலத் தெரிந்தது. முன்னால் ஆறு கல்தூண் நிற்கும் மண்டபம். உள்ளே இருட்டான சின்ன அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கல் புத்தர். காது மடல் ஒன்று உடைந்திருந்தது. மழை வேண்டி யாரோ ஊற்றிய எண்ணெய் மடியில் கறுத்துக் கிடந்தது.

ஏழே முக்காலுக்கே ஸ்கூட்டியில் போய்விட்டேன். வாசல் வழியாக வந்த வெயில் அப்போதே புத்தரின் மார்புக்குக் கீழே இறங்கியிருந்தது. எட்டு பத்துக்கு மடியில் கிடந்தது. முகம் முழுக்க நிழல். அவர் எழுதியது மாசி மாத வெயில். மூன்று மாதத்தில் சூரியன் இடம் மாறியிருந்தது. அந்த நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அத்தை என நான்கு பேர் காரில் வந்தார்கள். அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர். "நாங்க பௌத்தங்கம்மா, பழைய புத்தர் கோயில் எங்க இருந்தாலும் போயிடுவோம். கோயில ஒரு படம், எங்கள ஒரு படம். இந்தப் புத்தரு கல்யாணப் பத்திரிகையில வரணும்" என்றார்.

அத்தை என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு அவரைத் தனியாக அழைத்தாள். மண்டபம் சின்னது, பேசியதெல்லாம் கேட்டது.

"இன்னா சம்பந்தி இது? தாலியறுத்து நாலு மாசம் ஆவல, இவங்கள இட்டுக்கினு வந்து நல்ல காரியத்துக்குப் படம் எடுக்கச் சொல்றீங்க?"

"அதெல்லாம் நாங்க பாக்கறதில்லைங்க."

"நீங்க பாக்கலன்னா? எங்க புள்ளைக்கும்தான கல்யாணம்?"

நான் ட்ரைபாடின் காலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கோயிலை எடுக்கும்போது கேமராவின் முகத்தை மேலே தூக்கினால் தூண்கள் படத்தில் பின்பக்கம் சாயும். அதனால் கேமராவைத் தாழ்த்தாமல், தூக்காமல், நேராக வைத்துவிட்டுப் பின்னால் நகர வேண்டும். நகர்ந்துகொண்டே இருந்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். அவமானமாவது இருந்திருக்க வேண்டும். தூண்கள் நேராக நின்றன. அது ஒன்றுதான் தெரிந்தது.

கல்யாணப் பெண் வந்து என் பக்கத்தில் நின்றாள். "அத்தை, இவங்க எடுக்கட்டும். இல்லன்னா எனக்குப் படமே வேணாம்" என்றாள் சத்தமாக. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எடுக்கட்டும் அத்தை" என்றான். அத்தை போய்க் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் இடது பக்கம் நில்லும்மா" என்றுதான் சொன்னேன்.

வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளித் துணித் தட்டு ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்து வாசல் ஓரம் உட்காரச் சொன்னேன். தரையில் விழுந்த வெயிலை அவர் அதில் வாங்கி மேலே திருப்பினார். நாலைந்து முறை கூரையில் போய் ஆடிய வெளிச்சம் பிறகு புத்தரின் தாடைக்கு வந்து, மூடிய கண்ணுக்கு வந்து நின்றது. "அசைக்காதீங்க" என்றேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புத்தரைத் தனியாக எடுத்தேன். உடைந்த காதும் தெரியட்டும் என்று பக்கவாட்டில் இருந்தும் எடுத்தேன். பிறகு அந்த இருவரையும் தூணருகே நிற்கவைத்தும், படியில் உட்காரவைத்தும், சோளக்காட்டு வரப்பில் மலை பின்னால் தெரிய நடக்கவிட்டும் எடுத்தேன். நல்ல படங்கள்தான். திரையில் பார்க்கும்போதே தெரிந்தது.

பொருட்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அத்தை காரைவிட்டு இறங்கி வந்தாள். நான் நிமிரவில்லை.

"என்னையும் ஒரு படம் எடுப்பியா?"

"எல்லாரோடயுங்களா?"

"தனியா. நான் போயிட்டா மாட்டறதுக்கு. இருக்கற படமெல்லாம் கூட்டத்துல நின்னுக்கினு இருக்கறதுதான். எங்கூட்டுக்காரரு போனப்ப ரேஷன் கார்டு படத்தத்தான் பெருசு பண்ணோம். அவரு மொகமே இல்ல அதுல."

அப்போதுதான் கவனித்தேன், அவள் நெற்றியிலும் பொட்டு இல்லை. திருநீறு மட்டும்.

அவளை மண்டப வாசலில் உட்காரவைத்தேன். "தாடையக் கொஞ்சம் எறக்குங்க. என்னப் பாருங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"உங்கூட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு?"

"லாரி மோதிடுச்சு."

"நீ பாத்தியா?"

"ஆஸ்பத்திரியில பாத்தேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். எனக்காக அழுதாளா, அவளுக்காகவா என்று நான் கேட்கவில்லை. கேமராவைப் பிடித்தபடி நின்றேன். ஒரு மைனா தூணுக்கும் வெளியே சோளத்துக்கும் பறந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்ட பிறகு, "இப்ப எடு" என்றாள். மூன்று முறை எடுத்தேன். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. பிறகு ஸ்டுடியோவில் அதைச் சரிசெய்ய உட்கார்ந்த நான் சரிசெய்யாமலே பிரிண்ட் போட்டேன். பின்னணியையும் மாற்றவில்லை. கல்தூண் அப்படியே இருந்தது.

கல்யாணப் பத்திரிகையில் புத்தர் படம் வந்தது. கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிட்டார்கள். ஒரு பெரிய கூடத்தில், புத்தர் படத்துக்கு முன்னால் இருவரும் உறுதிமொழி வாசித்து மாலை மாற்றிக்கொண்டார்கள். நான் முதல் வரிசைக்கும் முன்னால் நின்று எடுத்தேன். அத்தை மேடை ஓரத்தில் நாற்காலியில் இருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மதியம் பெண்ணின் அப்பா கேமராவை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பந்தியில் உட்காரவைத்தார். அந்த மாதங்களில் நான் சாப்பிட்ட எதன் ருசியும் எனக்கு ஞாபகமில்லை. தட்டில் இருப்பதை முடிப்பேன், எழுந்துவிடுவேன். அன்று இரண்டாவது சோற்றுக்கு ரசம் ஊற்றினார்கள். ஒரு வாய் வைத்ததும் நிறுத்தினேன்.

"ரசத்துல உப்பு ஜாஸ்திங்க" என்றேன்.

பரிமாறியவர் வாளியோடு நின்று என்னைப் பார்த்தார். பக்கத்து இலையில் இருந்தவர், "ஆமாம்பா, ஜாஸ்திதான்" என்றார். கொஞ்சம் மோர் கொண்டுவரச் சொன்னேன்.