முன்பக்கம் தூக்கிய லோரி

மோட்டார் வண்டியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பியிருந்தது மொத்தம் ஒன்பது நாள். அதற்குள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு லோரியைக் கெடுத்தேன். மைத்துனன் கல்யாணத்தையும் கெடுக்கப் பார்த்தேன்.

லோரி, ஏதோ ஒரு தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தபின் பட்டணத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. வாரநாட்களில் நான் கடிதம் நகலெடுக்கும் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை லோரி முதலாளி. என் மனைவியின் தம்பிக்கு, கிள்ளானைத் தாண்டி மேரு பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கங்காணியின் மகளை நிச்சயம் செய்திருந்தார்கள். பையனுக்கு முப்பது வயது. அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. கங்காணி கறாரான மனிதர். "பத்து மணிக்குள்ள தாலி ஏறணும். தாண்டிடுச்சுன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

கிள்ளான்வரை ரயிலில் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் லோரியில் கொண்டுபோய் இறக்குவதாக வாக்குக் கொடுத்தேன்.

தோட்டத்துப் பாதையில் மாட்டுவண்டிச் சக்கரங்கள் ஆழமாகத் தடம் போட்டிருந்தன. நிச்சயத்துக்குப் போனபோது, நடுவில் நின்ற செம்மண் மேடு லோரி இஞ்சினின் அடிப்பாகத்தில் இடித்தது. ஆகவே முன்பக்கத்தைத் தூக்குவது என்று முடிவு செய்தேன். இரவலாக ஓர் ஆங்கில மோட்டார் புத்தகம் கிடைத்தது. எட்டாம் அத்தியாயம் ஸ்பிரிங். அதோடு மூடிவைத்தேன்.

வில்வண்டிகளுக்குப் பட்டை அடித்துக் கொடுக்கும் ஆசாரி ஒருவரைப் பிடித்தேன். முன் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்து, அதற்கும் சட்டத்துக்கும் நடுவே கெட்டியான மரக்கட்டையை வைத்து, நீளமான போல்ட்டுகளால் இறுக்கினார். முன்பக்கம் ஐந்து அங்குலம் உயர்ந்தது.

"வண்டி மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குதுங்களே, வேற எதுவும் கெடாதுங்களா?" என்று ஆசாரி கேட்டார்.

"புத்தகத்துல பாத்துட்டேன்" என்றேன்.

அதன்பின் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தால்தான் எனக்குச் சாலை தெரிந்தது. அதையும் ஒரு கம்பீரமாகவே எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். என் பக்கத்தில் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. பின்னால் பலகைகளில் பன்னிரண்டு உறவினர், சீர்வரிசைத் தட்டுகள், மாப்பிள்ளையின் பெரியப்பா. மேருவைத் தாண்டி, செம்மண் மேட்டின்மேல் அடிப்பாகம் இடிக்காமல் மிதந்து போனோம். "எப்படி?" என்று மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் மணி பார்த்துக்கொண்டிருந்தான்.

கங்காணி வீடு ஒரு குன்றின்மேல். பந்தல் கண்ணுக்குத் தெரிந்தது, நாயனம் காதில் விழுந்தது. ஏற்றத்தில் கால்வாசி போனதும் இஞ்சின் இருமிவிட்டு நின்றது. சரிவில் இறங்கி மறுபடி ஏறினேன். அதே இடத்தில் மறுபடி நின்றது. ஒன்பதரை ஆகியிருந்தது.

தேங்காய் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த வண்டிக்காரர் இறங்கி வந்தார். "அண்ணே, எண்ணெய்த் தொட்டி எங்க இருக்கு?"

"என் சீட்டுக்கு அடியில."

"பம்பு இருக்கா?"

"இல்ல. பெட்ரோல் தானா இறங்கி இஞ்சினுக்குப் போகும்."

"நீங்கதான் இஞ்சின மேல தூக்கி வச்சிருக்கீங்களே லா. மேட்டுல எண்ணெய் எப்படி மேல ஏறும்? வண்டியத் திருப்பி, பின்பக்கமா ஏறுங்க, தொட்டி மேல வந்துடும்."

பெட்ரோல் ஒன்பதாம் அத்தியாயம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடிவாரத்தில் லோரியைத் திருப்பினேன். மேலே நாயனம் சட்டென்று நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வாசல்வரை வந்துவிட்டு வண்டியைத் திருப்பினால் நம் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: கோபித்துக்கொண்டு போகிறார்கள். பந்தலில் அழுகைச் சத்தம் கேட்டது. கங்காணி தலைப்பாகை அவிழ, சரிவில் ஓடிவந்தார்.

"சம்பந்தி! என்ன குறைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க! செஞ்சிடறேன்!"

பெரியப்பா பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குறை ஒன்றும் அவரிடம் இல்லை. ஆனால் இப்படிக் கேட்கிறவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. "கேட்டதுனால சொல்றேன், மோதிரம் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தார்.

"பெரியப்பா, சும்மா இருங்க!" மாப்பிள்ளை கீழே குதித்தான். "ஒரு குறையும் இல்லீங்க. எங்க மாமா வண்டி மேட்டுல ஏறல. பின்பக்கமாதான் ஏறுமாம்."

கங்காணி என்னைப் பார்த்தார். கைகூப்பியிருந்தவர் மெதுவாகக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

மாப்பிள்ளையே பின்பலகையில் ஏறி நின்று எனக்கு வழி சொன்னான். "சோத்துக்கை பக்கம், மாமா! ஐயோ, அது பீச்சாங்கை!" ஒருமுறை வாழைத்தோப்பு ஓரத்தை நசுக்கினேன். மற்றபடி இஞ்சின் இருமவே இல்லை. பந்தலுக்குள் லோரியின் பின்புறமும் அதன்மேல் நின்ற மாப்பிள்ளையும் முதலில் நுழைந்தார்கள். நான் கடைசியாக வந்து சேர்ந்தேன். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் தாலி ஏறியது.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்து எங்கள் வீட்டில். நான் கூடத்தில், லோரி இல்லாவிட்டால் அந்தக் கல்யாணமே நடந்திருக்காது என்று இருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டில் புதுப்பெண் என் மனைவியிடம் தணிந்த குரலில், மரியாதையாகவே கேட்டாள்:

"அண்ணி, அண்ணன் லோரிய முன்பக்கமாவும் ஓட்டுவாங்களா?"