கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிய மதியம்

என் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வரச் சொல்லி கடத்தூர் ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது என்பது ஸ்டுடியோக்காரரின் சட்டம். எங்கள் பக்கம் மொரப்பூரிலிருந்து அம்மா வந்தாள். மாப்பிள்ளை பக்கம் என் மாமியார். மாப்பிள்ளை மட்டும் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார். விவரமான ஆள்.

"கம்ப்யூட்டர்ல வேலை பாக்கற பொண்ணுதானுங்களே, நீங்களே பாருங்க" என்று ஸ்டுடியோக்காரர் மவுஸை என்னிடம் தள்ளிவிட்டார். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். கீபோர்டில் கண்ட்ரோலை அழுத்தியபடி தட்டினால் படம் நீலமாகும். அதையே மறுபடி தட்டினால் நீலம் போய்விடும்.

அந்த வசதிதான் வினையானது. அம்மா இருக்கிற படம் எதைத் தட்டினாலும் "அது வேண்டாம், எடுத்துடு" என்றாள்.

அப்பா போன பிறகு அவள் எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நிற்பதில்லை. யாரும் சொல்லவில்லை, அவளாகவே ஒதுங்கிக்கொள்வாள். என் கல்யாணத்திலும் தூணோரம்தான். அப்படியும் ஒரு முகூர்த்தப் படத்தில் மாட்டியிருந்தாள். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தில் என் பூச்சரம் சிக்கிக்கொள்ள, எல்லோரும் சிரிக்கிற படம். ஓரத்தில் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று. ஆல்பத்தில் வேறு எது இல்லாவிட்டாலும் எனக்கு அந்தப் படம் வேண்டும்.

தட்டினேன்.

"நல்ல காரியத்துப் படத்துல நான் எதுக்கு? எடுத்துடு."

எடுத்தேன். சும்மா இருக்க முடியாமல் மறுபடி தட்டினேன். மறுபடி "எடுத்துடு". எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கண்ட்ரோலிலிருந்து விரலை எடுத்துவிட்டு அதே படத்தை ஓங்கித் தட்டினேன். அவ்வளவுதான். அதுவரை பொறுக்கிய அத்தனையும் போய், அந்த ஒரு படம் மட்டும் நீலமாக நின்றது.

"போச்சுங்க, மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"எல்லாம் என்னாலதான்" என்றாள் அம்மா.

அதுவரை வாயே திறக்காத மாமியார் கேட்டார்: "ஒண்ணொண்ணா தட்டுனா பொழுதே போயிரும். முகூர்த்தப் படத்த மொத்தமா பொறுக்க வழியில்லீங்களா?"

"இருக்குதுங்க. மொதப் படத்தத் தட்டிட்டு, ஷிஃப்ட்ட அழுத்திக்கிட்டு கடைசிப் படத்தத் தட்டுனா போதும்."

தட்டினேன். முகூர்த்தம் முழுவதும் ஒரே மூச்சில் நீலமானது. நடுவில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"அந்த ஒண்ண மட்டும் எடுத்துடு கண்ணு."

"அதத் தொட்டா மறுபடியும் எல்லாம் போயிருங்க சம்பந்தி" என்றார் மாமியார். "சும்மா இருங்க."

மதியம் முழுக்க மற்றவை போகாமல் நான் ஒவ்வொன்றாக நீலத்தை நீக்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். ஸ்டுடியோக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் டீ சொல்லக் கிளம்பிவிட்டார். எனக்கு மாமியாரை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா அதை நம்பினாளோ, நம்பியதுபோல் இருந்துவிட்டாளோ. பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைப் பக்கம் குனிந்தாள்.

"அந்தப் பொடவை எனக்கு நல்லாத்தான் இருக்குதில்ல?" என்றாள்.