ஆடியில் பிரிக்காத பெட்டி

சேகரன் மாமா பாயா ரும்புட் என்ற எங்கள் ஊரில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். ஐம்பத்தோரு வயது. நல்ல மனிதர். ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் அதற்குப் பொருத்தமான ஆள் யார் என்று உடனே சொல்லிவிடுவார். அந்த ஆள் ஒருநாளும் அவராக இருக்காது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூடத் தன் கூடப்பிறந்த அக்காவைத்தான் அனுப்பினார். அக்கா வந்து சொன்ன விவரம் போதும் என்று தலையை ஆட்டிவிட்டார். அப்படி வந்தவர்தான் சாந்தி அத்தை. "போட்டோவக்கூட கிட்ட வச்சுப் பாக்கல இந்த மனுசன்" என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். அதில் கோபம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

போன ஜூன் மாதம் மாமாவுக்கு வேலை போனது. ஒரு மரச்சாமான் கிடங்கில் காவலாளியாக இருந்தார். அவரைவிட நன்றாக விழித்திருக்கும் நான்கு கேமராக்களை முதலாளி வாங்கி மாட்டிவிட்டார். மாமா அதற்காக வருத்தப்படவில்லை. அத்தை சொன்ன அடுத்த யோசனைதான் அவரைப் படுக்க வைத்தது. அத்தையின் தம்பி திலீப் அலோர் காஜாவில் கார் கழுவும் கடை வைத்திருக்கிறார். ஆள் வேண்டுமாம்.

திலீப் மாமாவைவிடப் பதினைந்து வயது இளையவர். மாமாவின் கல்யாணத்தன்று மணவறைக்குப் பின்னால் அழுதுகொண்டே ஒரு செருப்பைத் தேடிய சிறுவன். அவரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிடச் சாவது மேல் என்று மாமா நினைத்தார். ஆனால் சாவதிலும் நிறைய அலைச்சல் இருக்கிறது.

"ஆடி பொறக்கப் போவுது சாந்தி. ஆடியில புது வேலைக்குப் போவக் கூடாது" என்றார். மாமா வாயிலிருந்து சாஸ்திரம் வந்தது அதுதான் முதல் தடவை.

அத்தை காலண்டரைப் பார்த்தார். "சரி. ஆவணி ஒண்ணாந் தேதி போங்க. அதுக்குள்ள வேற எதுலயாச்சும் நாலு காசு வந்துச்சுன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வரலன்னா தம்பி கடை."

மாமாவுக்கு ஒரு மாதம் கிடைத்தது. அவர் சோபாவில் படுத்துப் போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அஃபிலியேட் வியாபாரத்தைக் கண்டுபிடித்தார். மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று எனக்கு அதை விளக்கினார்.

"சாமான் அடுத்தவன்து. லோரி அடுத்தவன்து. வாங்கறவன் காசும் அடுத்தவன்து. நடுவுல நம்ம லிங்க் மட்டும் நிக்கும். அதைத் தட்டி எவனாச்சும் வாங்கினா நமக்குக் கமிஷன். இதுக்குன்னே பொறந்தவன்லா நானு."

அவரிடம் ஏற்கெனவே ஐயாயிரம் பேர் பின்தொடரும் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக் கழிவறைக்குள் ஓர் உடும்பு புகுந்துவிட்டது. மாமா அதை விரட்டாமல் நின்று படம் எடுத்தார். அந்தப் புண்ணியம். அந்தக் கணக்கைக் காட்டி விண்ணப்பித்ததும், விற்பனையாளர்கள் மூன்று சாமான்களை இலவச சாம்பிளாக அனுப்பிவைத்தார்கள். ஒரு மின்சாரத் தோசைக்கல், ஒரு காய் நறுக்கும் இயந்திரம், ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி. நிபந்தனை ஒன்றுதான். பதினான்கு நாளுக்குள் அவற்றைப் பயன்படுத்திக் காட்டும் காணொளி வர வேண்டும்.

காணொளி எடுக்க வேண்டும் என்பது மாமா எதிர்பார்க்காதது. கையில் கிடைத்த ஓர் ஒட்டடைக் கம்பை வைத்து ஒத்திகை பார்த்தார். நான்கு நிமிடம் ஓடியது. அதில் மூன்று நிமிடம் பெருமூச்சு. ஆகவே அவுட்சோர்ஸ் என்று முடிவு செய்தார்.

முதலில் மாட்டியது நான். "நீ தமிழ்ப் பள்ளியிலயும் மலாய்ப் பள்ளியிலயும் படிச்ச புள்ள. படத்துக்குக் கீழ தமிழ்ல நாலு வரி, மலாய்ல நாலு வரி. ஒக்காந்த எடத்துல வேலை" என்றார். நான் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

படம் எடுக்க லூபோக் சீனா பக்கம் அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குப் போனோம். சாமானைப் பார்த்தால்தான் எழுத முடியும் என்று என்னையும் கூட்டிப்போனார். போய் இறங்கிய பிறகுதான் பெட்டி தூக்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது என்று புரிந்தது.

அந்தத் தோட்டத்தில் மாமாவின் பழைய பக்கத்து வீட்டுக்காரரான குஞ்சம்மா அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்றும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. மாமாவைச் சிறு வயதிலிருந்து தெரியும், அதனால் மரியாதை இல்லை. மருமகள் தேவமலர் கோலம் போடுவதைப் படமாக்கிப் போடுகிறவள். அவளுக்கும் சில ஆயிரம் பேர் உண்டு.

"என்னாடா தம்பி இதெல்லாம்?"

"அக்கா, நீங்க எப்பவும் சமைக்கறத சமைங்க. இந்தச் சாமான்ல சமைங்க. மலரு போன்ல எடுக்கும். அவ்ளோதான்."

"நீ என்னா பண்ணுவ?"

"நான் ஆளுங்களப் பாத்துக்குவேன்."

"ஓ. கங்காணி வேலையா?"

"இப்ப அதை அவுட்சோர்சிங்னு சொல்றாங்க க்கா."

"பேரு நல்லாத்தான் இருக்கு. எங்க தாத்தா காலத்துக் கங்காணிக்கு ஒரு கோட்டு, ஒரு குடை இருந்துச்சு. ஒனக்கு அதுகூட இல்ல."

மாமா இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வீடு திரும்பியதும் வாட்ஸாப்பில் ஒரு குழு தொடங்கினார். தோட்டத்தில் விடிவதற்குள் ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். அதேபோல் தினமும் காலை ஏழு மணிக்குக் குழுவில் 'பெரட்டு' என்று போட வேண்டும், எல்லோரும் கட்டைவிரல் காட்ட வேண்டும் என்று சட்டம் வைத்தார். ஏழு மணிக்கு அவர் எழுந்திருப்பதில்லை என்பதால், அதைப் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. தினமும் நான் பெரட்டு போட்டேன். தேவமலர் கட்டைவிரல் காட்டினாள். மாமா ஒன்பதரைக்குக் கட்டைவிரல் காட்டினார். காணொளி மட்டும் வரவில்லை.

பதினோராம் நாள், விற்பனைச் செயலியிலிருந்து மலாயில் ஓர் எச்சரிக்கை வந்தது. நான் படித்துச் சொன்னேன். மூன்று நாளில் காணொளி வராவிட்டால் மாமாவின் கணக்கில் விற்பனையை நிறுத்திவிடுவார்களாம். மாமா போனை ஒலிபெருக்கியில் போட்டுத் தேவமலரை அழைத்தார்.

"மலரு, படம் எங்கம்மா?"

"மூணு பெட்டியும் சாமி மேடைக்குக் கீழ இருக்கு மாமா. பொட்டெல்லாம் வச்சாச்சு. ஆடி போவட்டும், அப்பறம் பிரிக்கலாம்னு மாமியார் சொல்லிட்டாங்க."

"ஆடியா? அதுக்கும் தோசைக்கல்லுக்கும் என்னாம்மா சம்பந்தம்? அக்காகிட்ட குடு."

குஞ்சம்மா அக்கா போனை வாங்கினார். "ஏன்டா, ஆடியில புது வேலைக்குப் போவ மாட்டேன்னு நீதான சாந்திகிட்ட சொன்னியாம். வேலைக்கு ஆவாத ஆடி, தோசைக்கல்லுக்கு மட்டும் எப்படிடா ஆவும்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சரி க்கா. மூடின பெட்டியயாச்சும் படம் புடிச்சு அனுப்புங்க. பொழைச்சுப் போறேன்."

அக்கா தோசைக்கல் பெட்டியை எடுத்தார், மருமகள் படம் பிடித்தாள். மூன்று நிமிடக் காணொளி. மடியில் மூடிய பெட்டியை வைத்துக்கொண்டு அக்கா பேசுகிறார். "இதுக்குள்ள தோசைக்கல்லு இருக்குன்னு மேல படம் போட்டிருக்கான். ஆட்டிப் பாத்தேன், கனமே இல்ல. தோசைக்கல்லுன்னா கனம் வேணும். இவன் பொய் சொல்றானா, இல்ல நெசமாவே நல்லா சுடுமான்னு இப்ப எனக்குத் தெரியாது. ஆடி முடியட்டும். ஆவணி ஒண்ணுல பிரிப்பேன். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்றேன். இல்லன்னா இல்ல. அதுவரைக்கும் நீங்களும் வாங்காதீங்க."

நான் இதற்குக் கீழே எழுத முயன்ற நான்கு வரிகளில் 'அற்புதமான' என்ற சொல் இருந்தது. அக்கா அதை நீக்கச் சொல்லிவிட்டார்.

மாமா அதைப் பதிவேற்றினார். சாமானைக் காட்டாத காணொளி செல்லாது என்று பதில் வந்தது. கூடவே மூன்று மாதத்துக்கு அவர் கணக்கில் விற்பனைக்குத் தடை. உடும்பு சம்பாதித்துக் கொடுத்தது போயிற்று.

"எனக்கு இந்தத் தொல்லையே வேணாம்" என்று மாமா குழுவில் குரல் பதிவு போட்டார். "நீங்களே ஒங்க பேர்ல பதிஞ்சு போட்டுக்குங்க." பதிவதற்கான படிவம் நீளமானது என்பதால் அதை நிரப்பும் வேலையையும் எனக்கே தந்தார். தேவமலரின் கோலக் கணக்கில், குஞ்சம்மா அக்காவின் அடையாள அட்டையும் வங்கி எண்ணும் கொடுத்துப் பதிந்தேன். அதே காணொளியை லிங்க்குடன் அங்கே போட்டாள் தேவமலர். நாலு நாளில் தொண்ணூறாயிரம் பேர் பார்த்தார்கள். ஒருவர்கூட வாங்கவில்லை. 'ஆமா அக்கா, ஆவணில பாத்துக்கலாம்' என்று முந்நூறு பேர் எழுதியிருந்தார்கள். மாமா அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். ஆவணி என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காமல் போனது.

ஆவணி ஒன்றாம் தேதி காலை அத்தை சாமி கும்பிட்டுத் திருநீறு பூசி மாமாவை அனுப்பிவைத்தார். திலீப் அவருக்கு மஞ்சள் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தார். முதல் வண்டி, கோழி ஏற்றும் லோரி. அதன் கூண்டுகளை மாமா பார்த்தார். பைப்பைக் கையில் பிடித்து நின்றபோது போன் அடித்தது. இனி சொல்வது மாமாவே பிறகு எனக்குச் சொன்னது.

"தம்பி, இந்தப் போனு விடாம மணி அடிக்குதுடா" என்றார் குஞ்சம்மா அக்கா. "காலையில நல்ல நேரம் பாத்துப் பெட்டியப் பிரிச்சுத் தோசை ஊத்திப் போட்டோம். மொத தோசை பிஞ்சு போச்சு. அதுக்குத் திட்றாங்களா?"

"என்னா எழுதியிருக்கு? மலர படிக்கச் சொல்லுங்க."

தேவமலர் படித்தாள். நூற்றுப் பன்னிரண்டு ஆர்டர். கமிஷன் என்று போட்டு ஒரு தொகை. படித்துக்கொண்டிருக்கும்போதே அது நூற்றுப் பதினைந்து ஆனது.

லோரியும் கோழி வாசமும் மாமாவுக்கு மறந்துபோயின. அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. 'ஏதோ தப்பு நடந்திருக்கு, பாஸ்வேர்டு குடுங்க, நான் பாக்கறேன்' என்றால் கொடுத்துவிடுவார். ஆனால் கணக்கைத் தன் பெயருக்கு மாற்ற அடையாள அட்டை வேண்டும். முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்ட வேண்டும். ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் நேற்று என்ன பொய் சொன்னோம் என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

"ஏமாத்தறது முழுநேர வேலைம்மா" என்றார் என்னிடம். "யாரால ஆவும்?"

எனவே உண்மையைச் சொன்னார். "அக்கா, அது ஒங்க காசு. ஒங்க பேருக்கு வருது."

"எனக்கா?"

"ஆமா க்கா."

அந்தப் பக்கம் மணி இன்னும் நாலு தடவை அடித்தது. பிறகு அக்கா கேட்டார். "நீ இப்ப எங்க இருக்க?"

"திலீப் கடையில. கோழி லோரி கழுவறேன்."

"வுட்டுட்டு வா. எனக்கு இதுல தலையும் தெரியல, வாலும் தெரியல. ஒனக்கும் ஒரு பங்கு உண்டு. பொழுதுக்குள்ள வா."

மாமா பைப்பைக் கீழே போட்டார். திலீப்பிடம் போய், "மச்சான், எனக்கு வேற வேலை கெடச்சிருச்சு" என்றார்.

"மாமா, இன்னும் டயரே நனையல."

"அவசரம்லா."

"ஆவணி ஒண்ணுல எடுத்த வேலையப் பாதியில போட்டா ஆவாது மாமா. லோரிய முடிச்சிட்டுப் போங்க."

சாஸ்திரத்தை அந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவர் மாமாதான். எதிர்த்துப் பேச வழியில்லை. இரண்டரை மணி நேரம் கழுவினார். திலீப் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன மூலைகளைக் காட்டினார்.

லூபோக் சீனாவில் அக்கா தன் நிபந்தனையை ஒரே மூச்சில் சொன்னார். "பங்கு தரேன். ஆனா எனக்குக் கங்காணி வேணாம்டா, கையாளுதான் வேணும். பெட்டி தூக்கணும், விளக்குப் புடிக்கணும், படம் எடுத்து முடிச்சதும் பாத்திரம் கழுவணும். நான் காட்டுக்குப் போய்ட்டு ரெண்டு மணிக்கு வருவேன். அப்ப நீ இங்க இருக்கணும்."

"பாத்திரம் மலரு கழுவாதா க்கா?"

"மலரு படம் எடுக்கும்."

மாமா யோசித்தார். ஒரு பக்கம் மஞ்சள் பூட்ஸும் நாற்காலியில் உட்கார்ந்த மச்சானும். இன்னொரு பக்கம் மாவு ஒட்டிய சட்டி. அக்காவிடம் திட்டு வாங்குவது அவருக்கு ஆறு வயதிலிருந்து பழக்கம். அதில் அவமானம் இல்லை. சரி என்றார்.

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மாமா விஷயத்தைச் சுற்றி வளைத்து அத்தையிடம் சொன்னார். நாலு காசு வரும் என்று தொடங்கினார், திலீப் கடைக்கு இனிப் போக வேண்டியதில்லை என்றார், கடைசியில் தாழ்ந்த குரலில் பாத்திரம் வரைக்கும் வந்துவிட்டார். இருபத்தெட்டு வருடத்தில் தன் வீட்டில் ஒரு கிளாஸைக் கழுவாத மனிதரை அத்தை மேலும் கீழும் பார்த்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

"சோப்பு அவங்களே தர்றாங்களா," என்று கேட்டார் அத்தை, "இல்ல நாம வாங்கிட்டுப் போவணுமா?"